பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு ஆசிரியராக முதுநிலைப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறப்புக் கல்வியில், அதிலும் பார்வைக் குறைபாட்டுப் பிரிவில், முதுநிலைப் பயிற்சிக்குப் போக நினைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில ஆண்டுகள் பொதுப்பள்ளியில் பாடம் நடத்தினேன். ஒருநாள் என் வகுப்பில் ஒரு பார்வையற்ற மாணவி வந்து உட்கார்ந்தாள். என்ன செய்வதென்றே தெரியாமல் நின்றேன். அதற்குப் பிறகுதான் இந்தப் படிப்புக்குப் போனேன். இப்போது பயிற்சி ஆசிரியர்களை மேற்பார்வை செய்கிறேன். கட்டணம், பட்டத்தின் பெயர், பதிவு விதிகள் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். எங்கே படித்தாலும் மாறாத விஷயங்களை மட்டும் இங்கே பேசுகிறேன்.

ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்திருக்கிறேன். இன்னொரு படிப்பு எதற்கு?

புத்தகத்தைப் பிரெய்லில், அதாவது விரலால் தொட்டு வாசிக்கும் புள்ளியெழுத்தில், மாற்றிக் கொடுத்துவிட்டால் மற்றதைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நான் சொன்ன அந்த மாணவிக்கு ஏழு வயது. பறவைகளைப் பற்றி ஐந்து வரி தவறில்லாமல் சொல்வாள். இறக்கை, அலகு, கூடு என்று எல்லாச் சொல்லும் சரியாக வரும். ஒருநாள் பாடம் முடிந்ததும் மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், பறவை எதைப் பிடிச்சுக்கிட்டுப் பறக்கும்?"

அவளுக்குத் தெரிந்த உலகத்தில் எல்லாமே ஏதோ ஒன்றின் மேல் நின்றது, அல்லது எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. வெறும் காற்றில் ஒன்று போகும் என்பதை அவள் எங்கே தெரிந்துகொள்வாள்? பார்வையுள்ள பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சன்னல் வழியாகப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள். தாழ்ப்பாள் எப்படி நகரும், குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து இறங்கி வருகிறது, பேசிக்கொண்டிருக்கும் இருவருக்கு நடுவே எப்போது நுழையலாம் என்பதெல்லாம் இப்படிப் போகிற போக்கில் கண்ணால் வந்து சேர்ந்தவைதான். அந்த வழி அடைபட்ட பிள்ளைக்கு ஒவ்வொன்றையும் யாராவது யோசித்துக் கையில் கொண்டுவந்து வைக்க வேண்டும். சொல் தெரிந்தும் பொருள் தெரியாமல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தருவதுதான் இந்தப் படிப்பின் மையம். பொதுவான ஆசிரியர் பயிற்சியில் இதற்கு இடமே இருக்காது.

சிறப்புக் கல்வியைப் பொதுவாகப் படித்தால் போதாதா?

போதாது. சிறப்புக் கல்வியின் பொதுப் பகுதி உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். தனிநபர் கல்வித் திட்டம் எழுதுவது, மதிப்பீடு செய்வது, நடத்தையைப் புரிந்துகொள்வது, சட்டம், பெற்றோருடன் சேர்ந்து வேலை செய்வது எல்லாம் அதில்தான் வரும். ஆனால் பிரெய்லை வேகமாக வாசிக்கவும் திருத்தவும், மிச்சமிருக்கும் பார்வையை மதிப்பிடவும், தொட்டுணரும் வரைபடம் செய்யவும் தனிப் பயிற்சி வேண்டும். இதைப் படிக்காத ஒரு நல்ல சிறப்பாசிரியர், தன் பிரியத்தாலேயே பிள்ளைக்கு எல்லாவற்றையும் தானே செய்து கொடுத்துவிடுவார். அப்படிப் பல பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வயதாகியும் செருப்புக்கு வாரைத் தானே மாட்டத் தெரியாது.

எல்லா மாணவர்களும் முழுக்கப் பார்வை இல்லாதவர்களா?

இல்லை. பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது பார்வை இருக்கும். இதை முதல் மாதத்திலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

மருத்துவ அறிக்கையில் 6/60 என்று இருக்கும். சாதாரணப் பார்வை உள்ளவர் 60 மீட்டரிலிருந்து பார்ப்பதை இந்தப் பிள்ளை 6 மீட்டருக்கு வந்தால்தான் பார்க்கும் என்று பொருள். நல்ல கண்ணிலும் 3/60க்குக் கீழே போனால் உலக சுகாதார நிறுவனம் அதைப் பார்வையின்மை என்று வகைப்படுத்துகிறது. இந்த எண்ணை வாசிக்கத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். ஒரே எண் உள்ள இரண்டு பிள்ளைகள் வகுப்பில் முற்றிலும் வேறு மாதிரி நடந்துகொள்வார்கள். தோலிலும் கண்ணிலும் நிறமிக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு வெளிச்சம் கூசும். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தாலே பாதிச் சிரமம் போய்விடும். கண்புரை உள்ள ஒரு பிள்ளைக்கு விளக்கை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து எழுத்து தெரியும் அல்லது மறையும்.

நான் ஒரு தவறு செய்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். விழித்திரை நிறமிச் சிதைவு உள்ள ஒரு பையனுக்கு உதவுவதாக நினைத்து, பாடம் முழுவதையும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். அவன் வாசிப்பு இன்னும் மெதுவானது. அந்த நோயில் பார்வையின் ஓரங்கள் சுருங்கி, நீளமான குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடு மட்டும் மிஞ்சும். எழுத்தைப் பெரிதாக்கியதால் அந்தச் சிறு வட்டத்துக்குள் இரண்டு எழுத்துக்கு மேல் கொள்ளவில்லை. அவனுக்குத் தேவைப்பட்டது சாதாரண அளவு எழுத்தும் நல்ல கறுப்பு மையும்தான். குறைபார்வை என்றாலே பெரிய எழுத்து என்று கை தானாகப் போவதை நிறுத்துவதற்குத்தான் செயற்பார்வை மதிப்பீடு என்ற பாடம் இருக்கிறது. வகுப்பறை, நடைபாதை, விளையாட்டுத் திடல், மாலை வெளிச்சம் என்று பிள்ளை உண்மையில் இருக்கும் இடங்களில் போய் உட்கார்ந்து, எதை எவ்வளவு தூரத்தில் எப்படிப் பார்க்கிறது என்று குறித்துவர வேண்டும். இந்தப் பாடத்தை மேம்போக்காக முடிக்கும் நிறுவனத்தில் சேராதீர்கள்.

கண் நன்றாக இருக்கிறது என்கிறார் மருத்துவர், ஆனால் பிள்ளை பார்ப்பதில்லை. இதுவும் நம் வேலையா?

ஆம். கண் நன்றாக இருந்தும், அது அனுப்பும் செய்தியை மூளை சரியாகப் புரிந்துகொள்ளாத நிலை இருக்கிறது. மூளைசார் பார்வைக் குறைபாடு என்கிறோம். வளர்ந்த நாடுகளில் குழந்தைகளின் பார்வைக் குறைபாட்டுக்கு இப்போது முதன்மையான காரணங்களில் இதுவும் ஒன்று. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைவது போன்றவை இதற்குப் பின்னால் இருக்கும்.

இந்தப் பிள்ளைகளை ஏமாற்றுக்காரர்கள் என்று திட்டுவதைக் கேட்டிருக்கிறேன், மனது வலிக்கும். காலையில் கண்டுபிடித்த பொம்மையை மாலையில் கண்டுபிடிக்காது. மேசையில் ஒரு பொருள் மட்டும் இருந்தால் பார்க்கும், பத்துப் பொருள் இருந்தால் எதையும் பார்க்காது. அசையும் பொருள் கண்ணில் படும், அசையாதது படாது. சத்தமான அறையில் பார்வை இன்னும் குறையும். பார்த்துவிட்டுப் பதில் சொல்ல நேரம் எடுக்கும், நாமோ அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். மேசையைக் காலி செய்து, கறுப்புத் துணி விரித்து, ஒரே ஒரு மஞ்சள் பந்தை வைத்து, வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதுதான் முதல் பாடம். ஆசிரியர்களுக்கு இதில் கடினமானது அந்த வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். பழைய பாடத்திட்டங்களில் இந்தப் பகுதி இருக்காது. சேருமுன் கேட்டுப் பாருங்கள்.

பிரெய்ல் கற்பது கடினமா?

பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. இந்த எழுத்தை உருவாக்கிய லூயி பிரெய்ல் 1809ல் பிறந்தவர். மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் கண்ணில் ஊசி குத்தியது; அந்தக் காயத்தால் ஐந்து வயதுக்குள் முழுப் பார்வையையும் இழந்தார். பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் படிக்கும்போது, இருட்டில் வாசிப்பதற்காகச் சார்ல் பார்பியே உருவாக்கியிருந்த பன்னிரண்டு புள்ளி முறையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு விரல்நுனிக்குள் அது அடங்கவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. ஆறு புள்ளியாகக் குறைத்தார். அப்போது அவருக்கு வயது 15. 1829ல் அந்த முறை நூலாக வெளிவந்தது. விரலால் வாசிப்பவர் ஒருவரே உருவாக்கியதால்தான் அது இன்றுவரை நிற்கிறது. அதற்கு முன் அந்தப் பள்ளியில் பார்வையுள்ளவர்கள் உருவாக்கிய மேடெழுத்து இருந்தது; கண்ணுக்கு அழகு, விரலுக்குச் சிரமம்.

ஆறு புள்ளி கொண்ட ஒரு கட்டத்தில் 63 வடிவங்கள் வரும். அவ்வளவுதான் மொத்தமும். தமிழில் கற்பிப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 247 எழுத்துக்கும் தனித்தனி வடிவம் கிடையாது. முதல் புள்ளி மட்டும் இருந்தால் அ. ஒன்றும் மூன்றும் இருந்தால் க. உயிர்மெய் எழுத மெய்யின் கட்டத்தை அடுத்து உயிரின் கட்டத்தை வைத்தால் போதும். அச்சில் கெ எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறதே, பிரெய்லில் அப்படி இல்லை; காதில் கேட்கிற வரிசையிலேயே க முதலில், எ அடுத்து. கொ, கோ எழுதத் திணறும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு எளிது என்று புரியும்.

சிலேட்டும் (தாளைப் பிடிக்கும், கட்டங்கள் உள்ள சட்டம்) ஸ்டைலஸும் (புள்ளி குத்தும் ஊசி) வைத்து எழுதுவதுதான் முதலில் குழப்பும். தாளின் பின்பக்கத்திலிருந்து குத்துகிறோம், அதனால் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல எழுத வேண்டும். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாக வாசிக்கலாம். பிரெய்ல் தட்டச்சுப் பொறியில் இந்தக் குழப்பம் இல்லை. புள்ளிக்கு ஒன்றாக ஆறு விசைகள், நடுவில் இடைவெளி விசை. ஓர் எழுத்துக்கான விசைகளைச் சேர்த்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு பருவத்துக்குள் எழுத்துகள் கைக்கு வந்துவிடும். வாரம் ஒருமுறை மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் வராது.

பார்வையுள்ள ஆசிரியர் பிரெய்லைக் கண்ணால் வாசிப்பது வழக்கம், அதில் தவறில்லை. ஆனாலும் சில வாரமாவது விரலால் வாசித்துப் பாருங்கள். ஒரு வரி முடிந்து அடுத்த வரியைத் தேடும்போது விரல் எங்கே வழிதவறுகிறது என்பது அப்போதுதான் தெரியும். இடக்கை அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடித்துக் காத்திருக்க, வலக்கை இந்த வரியை முடிப்பதை ஏன் பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டும் என்பதும் அப்போது புரியும்.

கணினியும் கைபேசியும் வாசித்துக் காட்டுகின்றனவே. பிரெய்ல் இன்னும் தேவையா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் குரல் உயர்த்திவிடுவேன். காதால் மட்டும் படித்து வளர்ந்த ஒரு கல்லூரி மாணவர் எனக்கு ஒரு விண்ணப்பம் எழுதி அனுப்பினார். கருத்து தெளிவாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் ந இருக்க வேண்டிய இடத்தில் ன, ற இருக்க வேண்டிய இடத்தில் ர. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நமக்கும் ந, ன இரண்டும் காதில் ஒன்றாகத்தான் விழுகின்றன. கண்ணால் ஆயிரம் முறை பார்த்ததால் சரியாக எழுதுகிறோம். அவருக்கு அந்த ஆயிரம் முறையை யாரும் கொடுக்கவில்லை. பிரெய்லில் ந, ன, ண மூன்றுக்கும் மூன்று வடிவம் இருக்கிறது. ல, ள, ழ மூன்றுக்கும் அப்படியே. விரல் அதைப் பார்த்துக்கொள்ளும்.

ஒலியைக் குறைத்துச் சொல்லவில்லை. நீளமான நாவலையோ வரலாற்றுப் பாடத்தையோ காதால் கேட்பதுதான் வேகம். என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான், கைபேசியில் உள்ள டாக்பேக், வாய்ஸ்ஓவர் எல்லாம் உங்கள் மாணவருக்கு அன்றாடக் கருவிகள். அவற்றை விசைப்பலகையால் மட்டும் இயக்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மின்னணுப் பிரெய்ல் திரை இருந்தால் கணினியில் உள்ளதை விரலால் வாசிக்கலாம். எந்தப் பிள்ளைக்கு எது முதன்மை வழி, எது துணை வழி என்று முடிவு செய்யக் கற்றல் ஊடக மதிப்பீடு என்று ஒரு முறை இருக்கிறது. பிள்ளை ஒரு புதிய பொருளைக் கையில் கொடுத்தால் கண்ணுக்கு அருகில் கொண்டுபோகிறதா, விரலால் தடவுகிறதா, தட்டிக் கேட்கிறதா என்று பல நாள் பார்த்துக் குறித்த பிறகுதான் முடிவெடுப்போம். பார்வை படிப்படியாகக் குறையும் நோய் என்றால், இன்னும் பார்வை இருக்கும்போதே பிரெய்லைத் தொடங்கிவிட வேண்டும்.

கணக்கும் அறிவியலும் எப்படிக் கற்பிப்பது?

கற்பிக்கலாம். பார்வையற்ற பிள்ளைக்குக் கணக்கு வராது என்று சொல்லி விலக்கு வாங்கிக் கொடுப்பது இன்னும் நடக்கிறது. பார்வையற்ற கணிதவியலாளர் ஆபிரகாம் நெமத் உருவாக்கிய கணிதப் பிரெய்ல் 1952ல் வெளியானது. பின்னம், வர்க்கமூலம், தொகையீடு வரை எல்லாவற்றையும் அதில் எழுதலாம். கூட்டல் கழித்தலுக்கு மணிச்சட்டம் இருக்கிறது. பார்வையற்றோருக்கான மணிச்சட்டத்தில் மணிகளுக்குப் பின்னால் மெத்தென்ற துணி ஒட்டியிருக்கும். விரல் பட்டால் மணி தானாக நகர்ந்துவிடாமல் இருக்கத்தான் அது. கடையில் கிடைக்கும் சாதாரண மணிச்சட்டத்தைக் கொடுத்துவிட்டுப் பிள்ளை குழம்புகிறது என்று சொல்லாதீர்கள்.

வரைபடங்களில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். அச்சுப் படத்தில் உள்ள அத்தனை கோட்டையும் அப்படியே மேடாக்கினால் விரலுக்கு அது முள்ளு முள்ளாக ஒரு குவியல்தான். எதை விடுவது என்பதில்தான் திறமை இருக்கிறது. இதயத்தின் படம் என்றால் முதல் தாளில் நான்கு அறைகள் மட்டும், இரண்டாம் தாளில் ரத்தம் போகும் பாதை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். தையல்காரர் பயன்படுத்தும் பல்சக்கரம், நூல், மணல்தாள், பசை இவை போதும் தொடங்க. சூடேற்றினால் கறுப்புக் கோடு உப்பும் தாளும் இருக்கிறது. செய்து முடித்ததும் கண்ணை மூடித் தொட்டுப் பாருங்கள். அதைவிட நல்லது, பிரெய்ல் வாசிக்கும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்வது.

வெள்ளைக்கோல் பயிற்சியையும் நானே கொடுக்கலாமா?

அடிப்படையை நீங்கள் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். வகுப்பறைக்குள் சுவரோரமாகப் புறங்கை உரசி நடப்பது, முகத்துக்கு முன் கையை வைத்துக் காத்துக்கொள்வது, துணையோடு நடப்பது எல்லாம் இதில் வரும். துணையோடு நடக்கும்போது பிள்ளைதான் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடிக்க வேண்டும், அரை அடி பின்னால் வர வேண்டும். நீங்கள் அவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. உங்கள் கை இறங்குவதை வைத்தே படி இறங்குகிறது என்று அவர் தெரிந்துகொள்வார்.

சாலையைக் கடப்பது, பேருந்து ஏறுவது, அறியாத ஊரில் வழி கண்டுபிடிப்பது ஆகியவற்றுக்குத் தனிப் பயிற்சி பெற்ற நடமாட்டப் பயிற்றுநர் தேவை. நீளமான கோலை இருபுறமும் வில்போல வீசித் தட்டி நடக்கும் முறை இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களோடு வேலை செய்தவர்களிடமிருந்து வந்தது. அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஹூவர் அதை வகுத்தார். 1960ல் அமெரிக்காவின் போஸ்டன் கல்லூரியில் இதற்கென்றே முதுநிலைப் படிப்பு தொடங்கியது. சில நிறுவனங்களில் ஆசிரியர் தகுதியையும் இதையும் சேர்த்துப் படிக்கலாம். முடிந்தால் சேர்த்தே படியுங்கள். கோலைக் கொடுக்கப் பிள்ளை பெரியவனாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு உயரத்துக்கேற்ற சின்னக் கோல் இருக்கிறது.

பயிற்சியில் கண்ணைக் கட்டிவிடுவார்களாமே?

நடமாட்டப் பயிற்சியில் கட்டுவார்கள். நல்ல பயிற்றுநரோடு, பல நாள், கோலை வைத்துத் திறமையைக் கற்பதற்கு அது உதவும். பத்து நிமிடம் கண்ணைக் கட்டி, நாற்காலியில் இடித்துக்கொண்டு, "ஐயோ பாவம்" என்று கண்கலங்கி முடியும் நிகழ்ச்சிகளை நான் ஆதரிப்பதில்லை. பார்வையின்மையைக் கொஞ்ச நேரம் நடித்துப் பார்த்தவர்கள், பார்வையற்றோரின் திறமையை முன்பைவிடக் குறைத்து மதிப்பிட்டதாக உளவியல் ஆய்வே இருக்கிறது. பார்வையை இழந்த முதல் பத்து நிமிடமும் ஒருவர் இருபது ஆண்டுகளாக வாழும் வாழ்க்கையும் ஒன்றாகிவிடுமா?

பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கலாமா?

முடிந்தவரை வேண்டாம். பிள்ளையின் கைக்கு மேல் நம் கையை வைத்து இழுத்துக்கொண்டு போவது வேலையைச் சீக்கிரம் முடிக்கும். ஆனால் அந்தக் கைகள்தான் அவருக்குக் கண்கள். உங்கள் முகத்தை யாராவது பிடித்துத் திருப்பி "இதைப் பார்" என்றால் எப்படி இருக்கும்? அதற்குப் பதிலாக உங்கள் கையைக் கீழே வைத்து, பிள்ளையின் விரல்கள் உங்கள் விரல்களின் மேல் படிந்திருக்க, நீங்கள் செய்யுங்கள். பொத்தானை எப்படித் துளைக்குள் தள்ளுகிறீர்கள் என்று அவர் உணர்வார். பிடிக்காவிட்டால் கையை எடுத்துக்கொள்வார், அந்த உரிமை அவரிடம் இருக்கும்.

ஒரு சிறுவன், நான்கு வயது. எதைத் தொடச் சொன்னாலும் கையைச் சுருட்டி மார்போடு வைத்துக்கொள்வான். முன்பு யாரோ அவன் கையைப் பிடித்துப் பசைக்குள் அமுக்கியிருக்கிறார்கள். என் பயிற்சி மாணவி மூன்று வாரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தானே களிமண் பிசைந்துகொண்டிருந்தாள். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான்காம் வாரம் அவனுடைய சுண்டுவிரல் வந்து அவள் மணிக்கட்டில் நின்றது. அன்றைய குறிப்பேட்டில் அவள் எழுதியது அந்த ஒரு வரிதான். நான் முழு மதிப்பெண் போட்டேன்.

பாடப்புத்தகத்தில் இல்லாத பாடங்கள் என்று எதைச் சொல்கிறார்கள்?

விரிவுபடுத்திய மையப் பாடத்திட்டம் என்று ஒன்று உண்டு. 1990களில் அமெரிக்கச் சிறப்புக் கல்வியாளர் ஃபில் ஹாட்லன் முன்வைத்தது. பிரெய்ல் போன்ற ஈடுசெய்யும் திறன்கள், நடமாட்டம், மற்றவர்களோடு பழகுதல், அன்றாட வாழ்க்கை, பொழுதுபோக்கு, தொழில் அறிவு, உதவித் தொழில்நுட்பம், புலன்களைத் திறம்படப் பயன்படுத்துதல், தனக்காகத் தானே முடிவெடுத்தல் என ஒன்பது பகுதிகள். கணக்குக்கும் மொழிக்கும் மேலாக இவை அனைத்தையும் பள்ளி நேரத்துக்குள் புகுத்த வேண்டும். நேரம் பத்தாது, உண்மைதான். அதனால் தலைமையாசிரியர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான். தேர்வு முடிவில் இது தெரியாது. பிள்ளை படிப்பை முடித்து வெளியே போய்த் தனியாக நிற்கும் அன்றைக்குத் தெரியும்.

தொலைநிலையில் படிக்கலாமா?

கண்ணின் அமைப்பு, சட்டம், வரலாறு, மதிப்பீட்டுக் கோட்பாடு போன்றவற்றைத் தாராளமாக வீட்டிலிருந்தே படிக்கலாம். பயிற்சிக்காலத்தை அப்படி முடிக்க முடியாது. குறைந்தது மூன்று வகைப் பிள்ளைகளோடு இருந்திருக்க வேண்டும்: பிரெய்ல் தொடங்கும் பிள்ளை, குறைபார்வையுள்ள மாணவர், வேறு குறைபாடும் சேர்ந்திருக்கும் பிள்ளை. ஒரே பிள்ளையோடு பல வாரம் தொடர்வது, பல பள்ளிகளை ஒவ்வொரு நாள் எட்டிப் பார்ப்பதைவிட மேல்.

பார்வையற்றவர்கள் இந்தப் படிப்பில் சேரலாமா?

கட்டாயம் சேர வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் ஒப்பந்தத்தின் 24ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி ஆசிரியர்களையும் உள்ளடக்கிப் பிரெய்ல் தெரிந்த ஆசிரியர்களை அமர்த்த வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 1887ல் ஹெலன் கெல்லருக்கு ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்த ஆன் சல்லிவனும் டிரக்கோமா நோயால் பார்வை குன்றியவர்தான். செயற்பார்வை மதிப்பீடு போன்ற சில வேலைகளில் பார்வையுள்ள ஒருவரின் உதவி தேவைப்படும், அதற்கு வழி செய்துகொள்ளலாம். பிரெய்ல் தானே வாசிக்கும் ஆசிரியர் முன்னால் உட்காரும் பிள்ளை தன் எதிர்காலத்தைத் தொட்டுப் பார்க்கிறது. அதை என்னால் கொடுக்க முடியாது.

காது கேளாமையும் சேர்ந்திருந்தால்?

அது தனித் துறை, முதுநிலையில் ஒரு பாடமாவது இருக்கும். அறிவுசார் குறைபாடு, இயக்கக் குறைபாடு சேர்ந்த பிள்ளைகளும் உங்களிடம் நிறையவே வருவார்கள். அவர்களோடு பேச்சு கையில் கொடுக்கும் பொருளிலிருந்து தொடங்கும். வெளியே போகுமுன் தினமும் அதே தொப்பியைக் கையில் கொடுத்தால், தொப்பி என்பது "வெளியே போகிறோம்" என்ற சொல்லாகிவிடும்.

படித்து முடித்தால் வேலை எப்படி இருக்கும்?

மூன்று மாதிரி. பார்வையற்றோர் பள்ளியில் ஆசிரியர். பொதுப்பள்ளியில் வள அறையை (சிறப்பு உதவிக்கென ஒதுக்கிய அறையை) பார்த்துக்கொள்பவர். பல பள்ளிகளுக்குப் பயணிக்கும் ஆசிரியர். மூன்றாவதில் அலைச்சல் அதிகம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும், மிச்ச நேரம் வகுப்பாசிரியரிடம் இருக்கும். அதனால் வகுப்பாசிரியரைப் பழக்குவதே பாதி வேலை. "அப்புறம் பார்க்கலாம்" என்று நழுவுகிறவரிடம், முந்தைய நாளே கேள்வித்தாளைக் கேட்டு வாங்கிப் பிரெய்லாக்கி மேசையில் வைத்துவிட வேண்டும். அந்தப் பொறுமையையும் படிப்பிலேயே பழக வேண்டியிருக்கும்.

ஆய்வேடு எழுதப் பயமாக இருக்கிறது.

சின்னதாக எடுங்கள். ஒரே மாணவர், ஒரே திறன், தொடங்குமுன் எப்படி இருந்தது, என்ன செய்தீர்கள், என்ன மாறியது. தினமும் குறிப்பெடுத்தால் ஆய்வேடு தானாக உருவாகிவிடும்.

நல்ல நிறுவனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

விளம்பர ஏட்டை மூடிவிட்டு நான்கு விஷயம் கேளுங்கள். பிரெய்ல் வகுப்பு எத்தனை மணி நேரம், தேர்வில் குத்தி எழுதச் சொல்வார்களா? பயிற்சிக்காலத்தில் மேற்பார்வையாளர் வந்து பக்கத்தில் உட்காருவாரா, கையெழுத்து மட்டும் போடுவாரா? கற்பிப்பவர்களில் பார்வையற்றவர் யாராவது இருக்கிறாரா? நிறுவனத்தின் சொந்த இணையப் பக்கமும் பாடக் கோப்புகளும் திரைவாசிப்பானில் வேலை செய்கின்றனவா? கடைசிக் கேள்விக்கு அவர்கள் விழித்தால், மற்ற மூன்றுக்கும் என்ன பதில் வரும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

சேர இன்னும் சில மாதம் இருக்கிறது. இப்போதே என்ன செய்யலாம்?

சிலேட், ஸ்டைலஸ், கொஞ்சம் தடித்த தாள் வாங்கி உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள். கணினியில் திரைவாசிப்பானை நிறுவி, திரையை அணைத்துவிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பப் பாருங்கள். பார்வையற்ற பெரியவர் யாராவது தெரிந்தவராக இருந்தால், பள்ளியில் அவருக்கு எது உதவியது, எது எரிச்சலூட்டியது என்று கேளுங்கள், நிறையச் சொல்வார்கள்.

இப்போது ஏதாவது வகுப்பில் கற்பிக்கிறீர்கள் என்றால் இன்னொன்றும் செய்யலாம். ஒருநாள் உங்கள் பாடத்தைக் கைபேசியில் பதிவு செய்து, இரவில் திரும்பக் கேளுங்கள். "இங்கே பாருங்க", "இதை அங்கே கொண்டுபோனா", "இப்படி வரும்" என்று எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். என் முதல் பதிவில் நாற்பது நிமிடத்தில் இரண்டு பக்கம் கோடு. மறுநாள் "இதையும் இதையும் கூட்டினால்" என்பதற்குப் பதிலாக "மேல் வரியில் இருக்கும் 24ஐயும் கீழ் வரியில் இருக்கும் 18ஐயும் கூட்டினால்" என்று சொன்னேன். பின்பெஞ்சில் எப்போதும் பேசிக்கொண்டிருக்கும், பார்வை நன்றாகவே உள்ள ஒரு பையன் தலையைத் தூக்கி, "டீச்சர், இன்னைக்குத்தான் புரியுது" என்றான்.